வாய் தெரிகிற பாடம்

மில் ஓடும்போது அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை என்றுதான் குடிவந்த புதிதில் நினைத்தேன். பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். எனக்குத்தான் அது பேச்சு என்று தெரியவில்லை.

என் அறை மாவு மில்லுக்கு நேர் மேலே இருக்கிறது. பகலில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். சாயங்காலம் கணக்கியல் வகுப்பு. இடையில் அறைக்கு வந்து முகம் கழுவும் நேரத்தில் கீழே மில் முழு வேகத்தில் ஓடும். தரை அதிரும். டம்ளரில் இருக்கிற தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கும். முதல் வாரம் தலைவலி. பிறகு மில் நின்றால்தான் என்னவோ போல இருந்தது.

மில்காரர் வாயையும் மூக்கையும் சேர்த்து ஒரு துணியைக் கட்டியிருப்பார். மாவுத் தூசி அப்படி. அதனால் அவருடைய பேச்சு முழுக்கக் கையில். விரல் நுனிகளைத் தேய்த்துக் காட்டினால் நைசாக அரைக்கணுமா என்று கேள்வி. உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் கொரகொரப்பாகவா. கட்டைவிரலைத் தோளுக்கு மேல் காட்டினால், வரிசையில் பின்னாடி போ. மூக்கைப் பிடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தால், இந்தம்மா கொண்டு வந்திருக்கிற கோதுமையில் புழு இருக்கிறது, நம் கல்லில் போடாதே. அந்தம்மா எதிரிலேயேதான் நிற்பார். ஒன்றும் தெரியாமல் சிரிப்பார்.

அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், துணி கட்டுவதில்லை. மூச்சு முட்டுகிறதாம். அவர் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசுவார், எதையோ மென்று தின்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக. எதிர்முனையில் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற மகள் அதைப் படித்துத் தலையாட்டுவாள்.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு நல்ல பெயர் உண்டு. வீட்டில் அவள் தவிடு. "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று எல்லா வீட்டிலும் பிள்ளைகளைக் கேலி செய்வார்கள். இவள் கைக்குழந்தையாக இருந்தபோது உண்மையாகவே தவிட்டு மூட்டைமேல் தூங்கியதால் கேலியே பெயராக நின்றுவிட்டது. எட்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். ஒல்லி. புருவம் வரைக்கும் மாவு. மில் கல் கொஞ்சம் உரச ஆரம்பித்தாலும் முதலில் கண்டுபிடிப்பது அவள்தான். கோதுமை கொட்டுகிற தொட்டியின்மேல் உள்ளங்கையை வைப்பாள், ஒரு நொடி, அப்பாவைப் பார்த்து முஷ்டியைத் திருகிக் காட்டுவாள். அவர் திருகாணியைத் தளர்த்துவார். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. வரிசையின் கடைசியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டால், அது என்ன பேச்சு என்று இங்கிருந்தே சொல்லுவாள்.

"அந்த நீலச் சேலைம்மா அவங்க மாமியாரை உப்புமூட்டைன்னு சொல்றாங்கம்மா" என்று வாயசைப்பாள். அக்கா மாவு அள்ளுகிற கையை வைத்து வாயை மூடிக்கொண்டு குலுங்குவார்.

இப்படிப்பட்ட பெண் இயந்திரவியல்தான் எடுப்பாள் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அவளுடைய பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது எல்லோருக்கும் பொதுவான பாடங்களோடு இரண்டு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வாரம் எல்லா விருப்பப் பாட வகுப்பிலும் போய் உட்கார்ந்து பார்க்கலாம். மில்காரர் அந்த வாரம் முழுக்க வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மில் ஓடுகிறபோது அதற்கும் ஒரு சைகை: மகளைக் காட்டி, மோட்டாரைக் காட்டி, தன் நெஞ்சைத் தட்டிக்கொள்வார்.

வாரக் கடைசியில் அவள் விருப்பப் பாடங்களைக் குறித்த தாளை அப்பாவிடம் நீட்டினாள். மழை பெய்துகொண்டிருந்தது. மழை நாளில் கோதுமை ஈரம் வாங்கிக் கல்லில் அப்பிக்கொள்ளும் என்பதால் மில்லைச் சீக்கிரமே நிறுத்தியிருந்தார்கள். வகுப்புக்குக் கிளம்பிய நான் அக்காவிடம் குடை கேட்க வந்து, மழை விடட்டும் என்று அவர்கள் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரொட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும். அக்கா எனக்கும் ஒரு தட்டு வைத்தார்.

மில்காரர் தாளைத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"தப்பா டிக் போட்டுட்டே பாரு. வணிகக் கணக்கு, மனையியல்னு இருக்கு."

"தப்பு இல்லப்பா."

"இயந்திரவியல் கீழ இருக்கு. இதோ."

"தெரியும்பா."

அக்கா ரொட்டி போடுகிற கையை நிறுத்தினார். "ஏண்டி, இங்க மோட்டாரைக் கழட்டி மாட்டுறவ, அங்க போய் அடுப்பு பத்த வைக்கப் போறியா? நேத்து ஒரு ரொட்டி சுடச் சொன்னேன். காக்காகூடத் தின்னல."

"அந்த டீச்சர் நல்லாப் பேசுறாங்கம்மா."

"எல்லா வாத்தியாரும்தான் பேசுவாங்க. பேசாதவங்களையா வேலைக்கு வைப்பாங்க?"

"கணக்கு டீச்சர் உதட்டுக்குச் சாயம் போட்டுக்குவாங்க. நல்ல சிவப்பு. பளிச்சுனு இருக்கும்."

அக்கா மில்காரரைப் பார்த்தார். "கேட்டுக்கோங்க. உதட்டுச் சாயத்தைப் பார்த்துப் பாடம் எடுத்திருக்கா உங்க பொண்ணு."

"அது இல்லம்மா..."

"வேற எது? நாளைக்கு வளையல் நல்லா இருக்குன்னு வக்கீலுக்குப் படிப்பே. செருப்பு நல்லா இருக்குன்னு டாக்டருக்குப் படிப்பே."

மில்காரர் சிரிக்கவில்லை. "இயந்திரவியல் சார் எப்படி?" என்று கேட்டார்.

"அவர் மீசைக்குள்ளயே பேசுறாருப்பா. அதுவும் போர்டைப் பார்த்து."

"ஏன், மீசை வெச்சவன் பாடம் நடத்தக் கூடாதா? உங்க தாத்தாவுக்கு இருந்த மீசைக்கு ரெண்டு பேர் ஒதுங்கி நிக்கலாம். அவர் சொல்லிக் கொடுத்துதான் நான் மில்லு ஓட்டுறேன்."

அவள் உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவர் தாளை மடிக்காமல் மேசைமேல் வைத்தார்.

"மில்லுன்னா அசிங்கமாயிடுச்சோ என்னமோ. அதைச் சொல்லிட்டா நான் பாட்டுக்கு இருந்துட்டுப் போறேன். உதடு, மீசைன்னு எதுக்குச் சுத்தி வளைக்கணும்? கையெழுத்து வேணும்னா அம்மாகிட்ட வாங்கிக்கோ."

எழுந்து போய் மில்லுக்குள் நின்றுகொண்டார். ஓடாத மில்லில் அவருக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து அவர் அவளிடம் சைகை செய்வதை நிறுத்திவிட்டார். பேசாமல் இருப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். அந்த மில்லில் கையைக் காட்டாமல் இருப்பது அதைவிடப் பெரிய விஷயம். அவள் தொட்டியில் கையை வைத்து முஷ்டியைத் திருகிக் காட்டுவாள். அவர் வேறு பக்கம் பார்ப்பார். கொஞ்ச நேரம் கழித்து, தானே கண்டுபிடித்த மாதிரி, போய்த் திருகாணியைத் தளர்த்துவார். அதற்குள் மாவு சூடேறி ஒரு தீய்ந்த வாசனை மாடிவரை வந்துவிடும்.

அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, கணக்குப் படிக்கிறவ நீதானே. நீ ஏதாவது சொல்லிக் கொடுத்தியா அவளுக்கு?"

"நான் ஒண்ணும் சொல்லலக்கா."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பற்று வரவு எழுதும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். இரண்டு பக்கமும் கூட்டல் சரியாக வந்தால் நான் வாய்விட்டுச் சந்தோஷப்படுவேன். அதைப் பார்த்து ஆசை வந்திருக்குமோ?

"அப்ப நீயே கேளு. உன்கிட்டன்னா சொல்லுவா. எந்தத் தோழியாவது போறாளா, எவனாவது போறானா, எதுவா இருந்தாலும் பரவாயில்ல. தெரியணும். அந்த மனுஷன் ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிறாரு."

அடுத்த நாள் வெயில் அடித்தது. மில்லில் மாவு இறங்குகிற துணிக் குழாய்களைக் கழற்றி மொட்டை மாடியில் போட்டுக் குச்சியால் தட்டுகிற வேலை. தவிடு தட்டிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு குச்சி எடுத்துக்கொண்டேன். ஆளுக்கு ஒரு முனை பிடித்து எதிரெதிரே நின்று தட்டினோம். வெள்ளை வெள்ளையாகப் பறந்தது.

"நிஜமாவே உதட்டுச் சாயம்தானா?" என்றேன்.

"அக்கா, நீங்களும் ஆரம்பிக்காதீங்க."

"கேலி பண்ணல. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

அவள் தட்டுவதை நிறுத்தி என் முகத்தையே பார்த்தாள். எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள். அதை ஆர்வம் என்றே நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"சாயம் இருந்தா எங்க உட்கார்ந்தாலும் தெரியுதுக்கா. மனையியல் டீச்சர் சாயம் போடமாட்டாங்க. ஆனா மேசையைச் சுத்தி எங்களை நிக்க வெச்சுதான் பேசுவாங்க. ஓவியம் சார் நடந்துகிட்டே பேசுவாரு. முதுகுப் பக்கம் போயிடுவாரு. அதான் அதையும் விட்டுட்டேன்."

என் முனைத் துணி கை நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கிற சாக்கில் குனிந்து, அவளுக்கு முதுகைக் காட்டி, சாதாரணக் குரலில், "இன்னிக்கு என்ன கிழமை?" என்றேன்.

பதில் வரவில்லை. நிமிர்ந்து திரும்பியபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"இப்ப ஏதோ கேட்டீங்கல்ல?"

நான் துணியை எடுத்து உதறினேன்.

"முதுகு அசைஞ்சுது. பேசினா தோள் அசையும். சோதிச்சுப் பார்க்கிறீங்களா? ஸ்கூல்ல ஒரு பொண்ணு இப்படித்தான் பண்ணுவா. பின்னாடி நின்னு ஏதாவது சொல்லிட்டு மத்தவங்களோட சேர்ந்து சிரிப்பா."

மன்னிப்புக் கேட்டேன். நேராக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். அதுவாவது தோன்றியதே. அவள் குச்சியைப் போட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தாள்.

"எப்ப இருந்து?"

"தெரியலக்கா. மொதல்ல மணி அடிக்கிறது கேக்கல. எல்லாரும் எழுந்தா நானும் எழுந்துப்பேன். சத்தமாப் பேசினா கேக்குது. ஆனா கொழகொழன்னு இருக்கும். வாயையும் பார்த்தா சரியாப் புரிஞ்சுடும்."

"அம்மா அப்பாவுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

அவள் சிரித்தே விட்டாள். "எங்க வீட்டுல எப்படித் தெரியும்? அம்மா பேசினா பக்கத்துத் தெருவுக்குக் கேக்கும். அப்பா கையால பேசுவாரு. எங்க வீட்டுல எல்லாருமே வாயைப் பார்த்துதான் பேசுவோம்."

அது உண்மைதான். வேறெந்த வீடாக இருந்தாலும் ஒரு வாரத்தில் தெரிந்திருக்கும்.

"அப்பாகிட்ட சொல்லிடு. அவர் நீ மில்லை வெறுக்கறேன்னு நினைச்சுகிட்டு இருக்காரு."

"நினைச்சா நினைக்கட்டும். சொன்னா மில்லுனாலதான் ஆச்சுன்னு நினைச்சுப்பாரு. அது இதைவிட மோசம். அப்புறம் உள்ளயே விடமாட்டாரு. அக்கா, அங்க மட்டும்தான் நான் எல்லாரை மாதிரியும் இருக்கேன். இல்ல, எல்லாரையும்விட எனக்குத்தான் நல்லாக் கேக்குது. சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன் என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்று படியிறங்கும்போதே தோன்றியது. வகுப்பில் உட்கார்ந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, சொன்னால் வருவது ஒரு பக்கம், சொல்லாவிட்டால் வருவது ஒரு பக்கம் என்று எழுதிப் பார்த்தேன். இரண்டும் சமமாக நின்றன. கணக்கியலில் அது நல்ல அறிகுறி.

நல்லவேளை, என் முடிவுக்காக எதுவும் காத்திருக்கவில்லை. தாளைக் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள், எனக்குக் கடையில் வார விடுமுறை, பள்ளிக்கும் ஏதோ விடுமுறை, மில்லில் கூட்டம், அக்காவுக்கு உதவியாக மூட்டைக்கு வாய் பிடித்துக்கொண்டிருந்தேன். வரிசையில் ஒரு சின்னத் துணிப்பையோடு ஒருவர் நின்றார். உயரம். கூச்சப்படுகிற தோள்கள். மேலுதட்டையும் கீழுதட்டையும் சேர்த்து மூடுகிற மீசை, வாசலுக்குப் போட்ட தட்டி போல.

தவிடு அவரைப் பார்த்ததும் பெல்ட்டுக்குப் பின்னால் நகர்ந்தாள். யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மில்காரருக்குத் தெரியாது. வந்தவரின் முறை வந்ததும் வழக்கம்போல விரல் நுனிகளைத் தேய்த்துக் காட்டினார். நைசாகவா?

வந்தவர் ஏதோ சொன்னார். மீசை அசைந்தது. மில்காரர் புருவத்தைச் சுருக்கி உற்றுப் பார்த்தார். பல வருஷமாக வாய்களைப் படித்துப் பழகியவர். பல்லில்லாத கிழவர் சொன்னாலும் புரிந்துகொள்வார். கையைக் காதருகே குவித்து, என்ன என்று கேட்டார். வந்தவர் இன்னும் உரக்கச் சொன்னார் போலிருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்தது. மீசை மட்டும் மறுபடி அசைந்தது. கொரகொரப்பாகவா என்று மில்காரர் உள்ளங்கையை ஆட்டிப் பார்த்தார். வந்தவர் இல்லை என்று தலையாட்டி, பெல்ட் பக்கம் கைநீட்டி, மீண்டும் நீளமாக ஏதோ பேசினார். வரிசையில் நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். மில்காரருக்கே துணிக்குள் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

இப்படி எப்போதாவது அவருக்குப் பிடிபடாமல் போனால் மகளைத்தான் கூப்பிடுவார். இத்தனை நாள் வீம்பையும் மறந்து, பழக்கத்தில், கை தன்னால் அவள் பக்கம் திரும்பியது. இந்த ஆள் என்ன சொல்றாரு?

அவள் வெளியே வந்தாள். ஆசிரியரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். தெரியாது என்று தலையசைத்து, உள்ளங்கையைத் தன் மேலுதட்டின்மேல் படுக்க வைத்துக் காட்டினாள். மீசை.

மில்காரரின் கண்களில் இருந்த சிரிப்பு போவதை நான் பார்த்தேன். சட்டென்று போகவில்லை. விளக்கைக் குறைப்பது போல மெதுவாகப் போயிற்று. அவர் அந்த மீசையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு சுவர் ஓரமாகப் போய் மில்லை நிறுத்தினார்.

கல் சுற்றி அடங்க நேரமாகும். அடங்கியது. வரிசையில் யாரோ இருமியது பெரிதாகக் கேட்டது. சாப்பாடு எடுத்துவைக்க உள்ளே போயிருந்த அக்கா ஓடி வந்தார். நடுவேளையில் மில் நின்றால் யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

தவிடு அப்பாவைப் பார்த்து நின்றாள். அவர் வாய்த்துணியை அவிழ்க்கவில்லை. கைகளைத் தொங்கவிட்டிருந்தார். அந்தத் துணிக்குள்ளிருந்து, சாதாரணக் குரலில், "அந்தப் பையை இங்க கொண்டா" என்றார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அவள் அவர் கைகளைப் பார்த்தாள். கை அசையக் காத்திருந்தாள்.

"அந்தப் பையை இங்க கொண்டாடா" என்றார் மறுபடி.

"கையைக் காட்டுங்கப்பா" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவளுக்கே புரிந்துவிட்டது. அவர் துணியை இழுத்துக் கழுத்தில் விட்டார். மூக்குக்குக் கீழே மாவு படாத தோல் வேறொரு ஆளுடையது போல இருந்தது.

"எத்தனை நாளாடா?"

"கொஞ்சம் கொஞ்சமா ஆச்சுப்பா."

"என்ன? என்ன ஆச்சு?" என்றார் அக்கா.

"காது கேக்கல அவளுக்கு."

"என்ன உளர்றீங்க? நான் கூப்பிட்டா வர்றாளே!"

"நீங்க கூப்பிட்டா செத்தவங்களே எழுந்து வருவாங்கம்மா" என்றாள் தவிடு. சொல்லிவிட்டு அழுதாள். அக்கா அவளை இழுத்து மாவோடு அணைத்துக்கொண்டார். "காது என்ன செவிடான்னு எத்தனை தடவை திட்டியிருக்கேன்! இந்த வாயால எத்தனை தடவை!" என்று அவள் தலைக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார். அணைத்திருந்ததால் மகளுக்கு அது தெரியவில்லை.

வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மூட்டையை வைத்துவிட்டு, அப்புறம் வருகிறோம் என்று போனார்கள். ஆசிரியர் மட்டும் போகவில்லை. துணிப்பையைத் திருகிக்கொண்டு நின்றார்.

"நான் கோதுமை அரைக்க வரலைங்க" என்றார். குரல் மெல்லியது. "வகுப்புல ஒரு பழைய மோட்டார் வெச்சிருக்கேன். இவங்க வந்து கையை வெச்சுப் பார்த்துட்டு, பேரிங் போயிடுச்சு சார்னாங்க. கழட்டிப் பார்த்தா போயிருந்தது. ஏன் என் பாடத்தை எடுக்கலைன்னு கேக்கத்தான் வந்தேன்." தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இதுன்னு தெரிஞ்சிருந்தா... எடுத்துடறேன்மா. என் மனைவி ரொம்ப நாளாச் சொல்லிட்டு இருக்காங்க."

தவிடு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தாள். பாதிதான் புரிந்தது போல. நான் திருப்பிச் சொன்னேன்.

"வேண்டாம் சார். மேல கொஞ்சம் கத்தரிச்சாப் போதும். படம் வரையறப்ப பேசாதீங்க. வரைஞ்சு முடிச்சுட்டுத் திரும்பி எங்களைப் பார்த்துப் பேசுங்க."

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

"அதுதான்மா கஷ்டம். பிள்ளைங்க முகத்தைப் பார்த்தா எனக்குப் பேச்சு வராது. அதான் போர்டைப் பார்த்துப் பேசறேன்" என்றார். பிறகு, அவளைப் பார்த்தே, ஒவ்வொரு சொல்லாக, "முயற்சி பண்றேன்" என்றார்.

அன்று சாயங்காலமே காது டாக்டரிடம் போனார்கள். நான் வகுப்பு முடிந்து வந்தபோது மூன்று பேரும் சமையலறை விளக்குக்கு நேர்கீழே உட்கார்ந்திருந்தார்கள். முகங்களில் வெளிச்சம் விழும்படி அக்கா மேசையை இழுத்துப் போட்டிருந்தார். என்னையும் உட்காரச் சொன்னார்கள்.

இருக்கிற கேட்கும் திறனைக் காப்பாற்றலாம், காதில் ஒரு கருவி வைக்கலாம், அது வர நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மில்தான் காரணமா என்று மில்காரர் கேட்டிருக்கிறார்.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்கிறாரு" என்றார் என்னிடம். "படிச்சவன் ஒரு பதிலைச் சொல்லணும்ல? ஆமான்னாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்."

"ஆமான்னா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றார் அக்கா.

"மூடியிருப்பேன்."

"மூடிட்டு?"

அவர் திரும்பித் தவிட்டைப் பார்த்தார். அவள் முகம் பார்க்கிற வரை காத்திருந்து, பிறகு சொன்னார்.

"இனிமே மில்லு ஓடறப்ப நீ உள்ள வரக் கூடாது."

"அப்பா!"

"கெஞ்சாதே. இதுல பேச்சே இல்ல."

"பஞ்சு வெச்சுக்கறேன்பா. துணி கட்டிக்கறேன். ஓரமா நிக்கிறேன்."

"மாட்டேன்."

"அப்ப கல்லு உரசினா யாரு சொல்லுவா?"

"மாவு தீயும். தீஞ்சா தெரிஞ்சுக்கறேன்."

அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. எழுந்து போனால் அடுத்த வார்த்தை தெரியாமல் போய்விடுமே. அதனால் கண்ணீர் வழிய வழிய அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்க அவரால் முடியவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தார்.

"ஒண்ணு செய்வோம்" என்றார் கடைசியில். "ஓடற மில்லு எனக்கு. நிக்கிற மில்லு உனக்கு. கல்லு கொத்தறது, பெல்ட்டு மாத்தறது, மோட்டாரைப் பிரிக்கிறது, எல்லாம் நீ. நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறேன். நீ விடுன்னா விடறேன், பிடின்னா பிடிக்கிறேன்."

"மோட்டாரை நான் தனியாப் பிரிக்கலாமா?"

"பிரி."

"திரும்ப மாட்டத் தெரியலன்னா?"

"அதுக்குத்தானே அந்த மீசைக்காரர்கிட்ட படிக்கப் போறே."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாளை எடுத்தாள். மனையியலை அடித்தாள். இயந்திரவியலுக்கு எதிரே குறியிட்டாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"வணிகக் கணக்கையும் அடி. அதான் காதுக்குக் கருவி வரப் போகுதே, இனிமே வாய் தெரியலயேங்கற கவலை இல்ல. ஓவியம் எடு, மெஷின் படம் வரையறதுக்கு ஆகும்."

"அதை விடமாட்டேன்பா."

"ஏன்?"

"வாய் தெரியுதேன்னுதான் உட்கார்ந்தேன். அப்புறம் பிடிச்சுப் போச்சு. ரெண்டு பக்கமும் கூட்டி ஒண்ணா வந்தா நல்லா இருக்குப்பா."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"சரி, உனக்கு எது வேணுமோ அதை எடு" என்றார் மில்காரர். கையெழுத்துப் போட்டார். பெயருக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தார், மறுபடி யாரும் மாற்றிவிடக் கூடாது என்பது போல.

மறுநாள் காலை மில்லைத் திறக்காமல் அவரே அவளைப் பள்ளியில் விடக் கிளம்பினார். என் பேருந்து நிறுத்தமும் அதே பக்கம். அவர்களுக்குக் கொஞ்சம் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். ராத்திரி மழையில் நனைந்த தெரு இன்னும் காயவில்லை.

முதலில் பக்கத்தில்தான் நடந்தார்கள். அவர் ஏதோ சொன்னார். அவள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பள்ளத்தில் கால் இடறியது. அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். அவளுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு எட்டு முன்னால் ஓடி, திரும்பி, அவர் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தாள்.

"சொல்லுங்கப்பா" என்றாள்.

அவர் சொன்னார். கையால் பேசியே பழகிய அந்த மனிதரிடம் அத்தனை பேச்சு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை; எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது, தோள் அசைவது தெரிந்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். விளக்குக் கம்பம் வந்தபோது அவர் பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி, அவள் தோளைப் பிடித்து, கொஞ்சம் இடதுபக்கமாகத் திருப்பிவிட்டார்.